அனுப்புநர், அனுப்புநர் 2, அனுப்புநர் 3

போர்டில் 'டைப்பிங்' என்றுதான் எழுதியிருக்கிறது. ஆனால் இந்தத் தொழிலில் அடிப்பது கால் பங்கு, அடித்ததைத் தேடுவது முக்கால் பங்கு.

கருமத்தம்பட்டி நால் ரோட்டுக்குப் பக்கத்தில் பதினைந்து வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். ஜெராக்ஸ், டைப்பிங், ஆன்லைன் வேலை. வருகிறவர்கள் முக்காலியில் உட்கார்ந்து, "போன வாட்டி அடிச்சீங்களே அம்மணி, அதை எடுங்க" என்பார்கள். எது, எப்போது, யாருக்கு என்று கேட்டால் கோபம் வரும். ஃபைல் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் கம்ப்யூட்டரில் 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்றும், அதற்குள் இன்னொரு 'நியூ ஃபோல்டர்' என்று ஒன்றும் இருந்தால் வாங்க, நாமெல்லாம் ஒரே கட்சி.

எல்லாமே உ

தப்பு என்னுடையதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஒரு ஃபைலைச் சேமிக்கும்போது நாம் பெயர் வைக்காவிட்டால், அதில் இருக்கும் முதல் வரியையே கம்ப்யூட்டர் பெயராக எடுத்துக்கொள்ளும். கடை தொடங்கிய நாளில், அது வைத்த பேரே இருக்கட்டும் என்று எண்டரைத் தட்டிப் பழகிவிட்டேன். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைக்கு முதல் வரி என்ன? பிள்ளையார் சுழி. ஆக, கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எல்லாமே 'உ'. அப்புறம் 'உ 2', 'உ 3'. மனுக்கள் எல்லாம் 'அனுப்புநர்' என்று தொடங்கும். அவை அனுப்புநர், அனுப்புநர் 2, அனுப்புநர் 3 என்று போய்க்கொண்டே இருக்கின்றன.

காங்கேயத்தில் எண்ணெய் மில் வைத்திருக்கும் ஒருவர், அண்ணன் மகளுக்கு அடித்த அதே பத்திரிகை தன் மகளுக்கும் வேண்டும் என்று வந்தார். எந்த வருஷம் என்றேன். "அன்னைக்குச் செம மழைங்க" என்றார். சரி என்று தேடும் கட்டத்தில் 'உ' போட்டேன். திரை முழுக்க உ. கீழே இழுக்க இழுக்க உ. மனிதர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இத்தனை பிள்ளையார் சுழி போட்டும் ஒரு காரியம் ஆக மாட்டேங்குதே அம்மணி!"

பன்னெண்டு மணிக்குள்ள

அப்போதே பழக்கத்தை மாற்றியிருக்க வேண்டும். மாற்றவில்லை. அது ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு என் கழுத்தைப் பிடித்தது.

லூர்துமேரி அக்கா மூச்சு வாங்க வந்து நின்றார். தறி பட்டறை ஒன்றில் நூல் சுற்றுகிறவர். அவர் மாமனார் காலத்தில் விவசாயக் காட்டு வேலைக்கு வந்த குடும்பத்தார் ரோட்டோரம் வீடு கட்டி இருக்கிறார்கள், இன்னும் பட்டா இல்லை. இப்போது ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள். பட்டா கேட்டு ரொம்ப நாளாக மனு கொடுத்தவர்கள் பட்டியலில் இருந்தால் மாற்று மனை கிடைக்கும். தாலூகா ஆபீஸில், "மொத மனு எந்தத் தேதி குடுத்தீங்கன்னு சொல்லுங்க, ரிஜிஸ்டர்ல பாத்துச் சேர்க்கறேன்" என்றிருக்கிறார் அதிகாரி. அக்காவுக்குத் தேதி தெரியாது. நகலெல்லாம் டிரங்குப் பெட்டியில் இருந்தது. போன மழைக்கு ஓடு ஒழுகி அத்தனையும் கூழாகிவிட்டது. மனு அடித்தது என் கடையில். ஆகவே என்னிடம் வந்துவிட்டார்.

'லூர்துமேரி' என்று தேடினேன். ஒன்றும் இல்லை. எப்படி இருக்கும், பேரெல்லாம்தான் அனுப்புநர் ஆயிற்றே! ஃபைலுக்குள்ளே இருக்கும் எழுத்தையும் தேடு என்று டிக் பண்ணிவிட்டேன். மேலே பச்சைக் கோடு ஊர ஆரம்பித்தது, சாயங்கால நேரத்து அவிநாசி ரோட்டு வண்டிகள் மாதிரி. அக்கா அதைப் பார்க்கவில்லை, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "பன்னெண்டு மணிக்குப் பட்டியல் மேல போயிருமாம் கண்ணு. எங்கூடு அதுல ஏறுனா ஏறுச்சு, இல்லாட்டி ரோட்டோட போயிரும்."

மரியாதை

கோடு ஊர்ந்துகொண்டிருக்கும்போதே போன் வந்தது. சென்னிமலையில் பெட்ஷீட் வியாபாரம் செய்கிறவர், லேப்டாப்பில் எது ஆனாலும் என்னைக் கூப்பிடுவார். எதிரே வெளியூர்ப் பார்ட்டி உட்கார்ந்திருக்கிறது, விலைப்பட்டியலைக் காணோம் என்றார். தேடிப் பார்த்தீர்களா என்றேன். மூன்று தடவை தேடினாராம். என்ன போட்டுத் தேடினீர்கள் என்றேன், ஸ்பீக்கரில் வைத்துவிட்டு.

"விலைப்பட்டியலை எடுத்துக் குடுங்க" என்று போட்டிருக்கிறார். வரவில்லை என்றதும் முன்னால் 'தயவுசெய்து' சேர்த்திருக்கிறார். கோயமுத்தூர்க்காரி நான், என்னால் சிரிக்க முடியவில்லை. நம் ஆட்கள் மெஷினிடமும் 'ங்க' போடாமல் பேச மாட்டார்கள். எல்லாவற்றையும் அழித்துவிட்டு 'விலை' என்று மட்டும் அடிக்கச் சொன்னேன். அடுத்த நொடி கத்தினார், லூர்துமேரி அக்காவே திரும்பிப் பார்த்தார்: "ஏனுங்க அம்மணி, மரியாதையாக் கேட்டா இல்லைங்குது, அதட்டிக் கேட்டா ஓடி வருதே!"

ஃபைனல்

பாதிக் கோடுகூடத் தாண்டவில்லை, சர்ச் உபதேசியார் வந்தார். போன வருஷத் திருவிழா நோட்டீஸ் வேண்டும், தேதியை மட்டும் மாற்றினால் போதும். திரையில் இன்னொரு ஜன்னலைத் திறந்து தேடினேன். ஃபைனல், ஃபைனல் 2, ஃபைனல் ஓகே, ஃபைனல் ஓகே ஃபாதர், ஃபைனல் ஓகே ஃபாதர் புதுசு என்று வரிசையாக வந்தது. அபூர்வமாக நானே பேர் வைத்த ஃபைல்கள் இவை. வைத்த லட்சணம் இது.

எதுதான் கடைசி ஃபைனல் என்று அவரையே கேட்டேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. முதலில் அக்கா வேலை முடியட்டும் என்று நகர்ந்து உட்கார்ந்து, நிதானமாகச் சொன்னார்: "ஃபாதர் மாறுனா ஃபைனலும் மாறுமுங்க. ஏதோ ஒண்ணை எடுங்க, புது ஃபாதர் எப்படியும் அடிச்சுத் திருத்துவாரு."

மாறாதது

பதினொரு மணிக்குக் கோடு முடிந்தது. லூர்துமேரி பேரில் இரண்டு மனு. இரண்டும் இந்த நாலு வருஷத்துக்குள் கொடுத்தவை, அதாவது வீட்டுக்காரர் சவரிமுத்து இறந்த பிறகு. முதல் மனு அதற்கெல்லாம் முன்னால். யார் பேரில் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். "அவரு பேருலயா, அவரு அண்ணன் எங்க மச்சாண்டாரு பேருலயா, ஊர்ச்சனம் அத்தனை பேருஞ் சேந்தா, நெனப்பில்லையே கண்ணு" என்றார். ஒவ்வொரு பேராகத் தேடினால் ஒன்றுக்கு அரை மணி. ஆபீஸுக்குப் போய்ச் சேரவும் கால் மணி வேண்டும். இன்னும் ஒரே ஒரு தடவைதான் தேட முடியும்.

பேர் மாறியிருக்கிறது, வருஷம் மாறியிருக்கிறது. மாறாதது எது? "அக்கா, சர்வே நம்பர் தெரியுமா?" என்றேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார் போல, பட்டென்று சொன்னார்: "இருநூத்திப் பதினாலுல மூணு பி." அதை முதலிலேயே கேட்காத என் புத்தியை எதால் அடிப்பது! 214/3B என்று போட்டேன். உபதேசியாரும் எழுந்து வந்து பின்னால் நின்றுகொண்டார்.

ஒன்றைத் தேடினோம், ஒன்பது வந்தது. பன்னிரண்டு வருஷத்து மனுக்கள், எல்லாம் தேதியோடு. சவரிமுத்து பேரில் நாலு, மச்சாண்டார் பேரில் இரண்டு, ஊர்ப் பொதுமக்கள் பேரில் ஒன்று, அக்கா பேரில் இரண்டு. எல்லாவற்றிலும் ஒரே வரி: 'மேற்படி இடத்தில் நாங்கள் குடியிருந்து வருகிறோம்.' ஒன்பது தடவையும் அந்த வரியை அடித்தது நான்தான். ஒவ்வொரு தடவையும் இது புது மனு என்றே நினைத்து அடித்திருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்பதையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். அக்கா முதல் தாளைக் கையில் வாங்கி, சவரிமுத்து என்ற பேரைத் தடவிப் பார்த்தார். என்னிடம் இருந்தது அடித்த நகல், கொடுத்த மனு அல்ல. அதனால் கீழே பேர் மட்டும் இருந்தது. "அவரு கையெழுத்துப் போடற எடம் காலியா இருக்குதே கண்ணு."

மூணு மணி

உபதேசியார் தன் ஸ்கூட்டரில் அவரைக் கூட்டிப் போனார். மூன்று மணிக்கு அக்கா தனியாக நடந்து திரும்பி வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை. என்னாச்சுங்க அக்கா என்றேன். பேர் பட்டியலில் ஏறிவிட்டது. பன்னிரண்டுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கும்போது ஏறியதாம்.

ரிஜிஸ்டரில் முதல் தேதியைப் புரட்டினார்களாம், மனு இருந்தது. அடுத்த தேதியைப் புரட்டினார்கள், அதுவும் இருந்தது. ஒன்பதும் அங்கேயே, நம்பர் போட்டு, சீல் குத்தி, பத்திரமாக இருந்திருக்கிறது. அதிகாரி நல்ல மனுஷன்தான், குரலைக்கூட உயர்த்தவில்லை என்றார் அக்கா. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, நிஜமாகவே வருத்தப்பட்டுக் கேட்டாராம்: "ஏம்மா, இத்தனை மனு குடுத்திருக்கீங்க, ஒரு வார்த்தை எங்ககிட்டச் சொல்லியிருக்கக் கூடாதா?"

அக்கா போனதும் அந்த ஒன்பது ஃபைலுக்கும் ஒழுங்காகப் பேர் மாற்றி வைத்தேன். பிறகு மற்றதையும் பார்ப்போம் என்று, உள்ளே தேடும் டிக்கை எடுத்துவிட்டு, தேடும் கட்டத்தில் 'அனுப்புநர்' போட்டேன், திரை கொள்ளாமல் வந்து கொட்டியது, 'பெறுநர்' போட்டேன், அந்தப் பேரில் இங்கு எதுவும் இல்லை என்றது.