எழுபத்திரண்டு கிலோ

தராசில் ஏறச் சொன்னதும் செருப்பைக் கழற்றினேன். தாலிக் கயிற்றில் நாலு ஊக்கு மாட்டியிருந்தேன், அதையும் கழற்றி நர்ஸம்மாவிடம் கொடுத்தேன். அவள் சிரித்தாள். எண்பத்து நான்கு என்று வந்தது.

மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அவருடைய அண்ணனுக்குச் சர்க்கரை. கொடுப்பதற்கு நான் ஒருத்திதான் மிச்சம்.

"ரத்தம் சேருதும்மா, மத்த டெஸ்டெல்லாம் சேருது. எடைதான் இடிக்குது," என்றார் டாக்டரம்மா. "எழுபத்திரண்டுக்கு வாங்க. வந்தா தேதி குடுக்கிறேன்."

எடை குறைக்க மாத்திரை இருக்கிறது, ஊசிகூட இருக்கிறது என்று நான் வேலை பார்க்கிற பேட்டையில் பேசிக்கொண்டதைக் கேட்டிருந்தேன். அதைத் தரச் சொல்லிக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"ஊசி, மாத்திரை, பொடி, லேகியம், எதுவும் கூடாது. உங்ககிட்ட நான் கேக்குறதே கிட்னியத்தான். அதுல ஒண்ணக் கெடுத்துட்டு இன்னொண்ணக் குடுப்பீங்களா? பட்டினியும் கிடக்காதீங்க. பட்டினி கிடந்தா சட்டுனு இறங்கும், சட்டுனு ஏறும். ஒத்தக் கிட்னிய வச்சுக்கிட்டு நீங்க இன்னும் முப்பது வருசம் இருக்கணும். ஏறவே கூடாது. வாரத்துக்கு அரைக் கிலோ, அதுக்கு மேல வேண்டாம்."

நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஆனாலும் இந்தக் கணக்கு அங்கேயே வந்துவிட்டது. பன்னிரண்டு கிலோவுக்கு இருபத்து நான்கு வாரம். ஆறு மாதம்.

"அதுவரைக்கும் இவரு தாங்குவாராம்மா?"

"டயாலிசிஸ ஒழுங்கா விடாமப் பண்ணுங்க. பாப்போம்."

அந்தப் 'பாப்போம்' திண்டுக்கல் வரும்வரை பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தது.

எனக்கு வேலை வெங்காயப் பேட்டையில் ஒரு கமிஷன் கடையில். சின்ன வெங்காயத்தில் தாள் அறுத்து, அழுகலைப் பொறுக்கி, பெருவெட்டு, சிறுவெட்டு என்று பிரித்துப் போடுவோம். காலையில் சாக்கில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பது. பத்து மணிக்கு டீயும் வடையும், நாலு மணிக்கு டீயும் போண்டாவும் வரும். வீட்டுக்குப் போய் ஒரு கும்பாச் சோறு. இருபது வருசம் இப்படியே உட்கார்ந்து சேர்த்த எடை. அதுவரை அது எனக்கு ஒரு கவலையாகவே தெரிந்ததில்லை. கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா, அவர் வண்டி எங்கேயாவது கவிழ்ந்து கிடக்குமா என்று மற்ற எல்லாவற்றுக்கும் கவலைப்பட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவருக்கு லோடு ஆட்டோ. எரியோடு, வத்தலக்குண்டு பக்கமெல்லாம் போய்க் காய்கறி ஏற்றிவருவார். மூட்டை தூக்கித் தூக்கி இடுப்பு வலி. வலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. எத்தனை வருசம் என்று டாக்டரம்மா கேட்டபோது அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் சொன்னேன். பதினோரு வருசம். நானும் தண்ணீர் மோந்து கொடுத்திருக்கிறேன்.

மறுநாளிலிருந்து டீக்கு ஜீனி வேண்டாம் என்றேன். வடையைப் பக்கத்தில் உட்காருகிறவளுக்குக் கொடுத்தேன். அவள் எரியோட்டுக்காரி, என்னைவிட எட்டு வயது சின்னவள், வாய் பெரியது.

"யக்கா, கிழவி ஆனதுக்கப்புறம் என்ன சினிமாவுலயா நடிக்கப் போற?"

விசயத்தைச் சொன்னேன். அவள் கையில் இருந்த வடையைப் பார்த்தாள். "இதத் தின்னா எனக்குப் பாவம் பிடிக்குமேக்கா," என்றாள். தின்றாள்.

தட்டில் பாதி காய்கறி வெஞ்சனம், கால்வாசி சோறு, மிச்சத்தில் பயறோ முட்டையோ என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். கீரை, புடலை, சுரைக்காய் என்று கிடைத்ததை வதக்கினேன். ராத்திரிச் சோற்றை ஏழு மணிக்குள் முடித்தேன். நாகல் நகர் வீட்டிலிருந்து பேட்டைக்கு பஸ்ஸில் போவதை விட்டேன். நடப்பதற்காக நடக்க எனக்கு வெட்கம், ஜனம் பார்க்கும். வேலைக்கு நடந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். மலைக்கோட்டைப் பாறையைப் போகும்போது இடதுபக்கமும் வரும்போது வலதுபக்கமும் வைத்துக்கொண்டு நடந்தேன். முதல் வாரம் முழங்கால் வீங்கியது. அறுத்துக் கொடுக்க வேண்டியவளுக்கு முழங்காலும் போனால் என்ன செய்வது என்று அதற்கு ஒரு தனிக் கவலை.

வீட்டில் இரண்டு தட்டு, இரண்டு சமையல். அவருக்கு உப்பு கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது. ஒரு நாளைக்குக் குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. சித்திரை வெயிலில் ஒரு சொம்புத் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாக்கை நனைப்பார். நான் அடுப்படிக்குப் போய் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் தண்ணீர் குடிப்பேன். அவருக்குச் சோற்றுக்குத் தடையில்லை, எனக்குத் தண்ணீருக்குத் தடையில்லை. இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஏங்கினோம்.

எடை பார்க்க வேண்டுமே. அவர் வாரம் இரண்டு தடவை டயாலிசிசுக்குப் போகிற இடத்தில் தராசு உண்டு. ஊசி குத்துவதற்கு முன்னால் எல்லாரையும் அதில்தான் நிறுத்துவார்கள். நானும் ஏறியிருக்கலாம். நர்ஸம்மாவே கூப்பிட்டாள். எனக்குப் பயம். அதில் ஏறி நின்று என்னைப் பார்த்துச் சிரித்த ஒரு வாத்தியாரம்மா அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் ஒரு பையனுடைய அப்பா வரவில்லை. அந்தத் தராசில் கால் வைத்தால் அந்த வரிசையில் நானும் சேர்ந்துவிடுவேன் என்று மனசில் விழுந்துவிட்டது. அதனால் பேட்டைத் தராசில் ஏறினேன்.

மதுரை போய் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. எடை போடுகிற அண்ணன் மூட்டையை இறக்கிவிட்டு, "ஏறு தாயி, உன்னையும் ஏலத்துல விட்ருவோம்," என்றார். எண்பது புள்ளி இரண்டு. பத்து நாளில் மூன்றே முக்கால் கிலோ. எரியோட்டுக்காரி கைதட்டினாள். நான் அன்றைக்கு வீட்டுக்கு ஓடாத குறை.

"எண்பதுங்க. எண்பதுக்கு வந்துட்டேன்."

அவர் கட்டிலில் படுத்திருந்தார். "எங்க போட்ட?" என்றார்.

"கடையிலதான்."

செத்த நேரம் என்னையே பார்த்தார். "சரி," என்றார்.

அதற்குப் பிறகு வாரம் அரைக் கிலோதான் இறங்கியது, டாக்டரம்மா சொன்ன மாதிரி. மூன்றாவது மாதத்தில் இரண்டு வாரம் அசையவே இல்லை. அந்த மாதம் அவருக்குக் கால் வீங்கியது. எரியோட்டுக்காரி முந்தானையில் முடிந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள்.

"இந்தாக்கா. செல்லுல சொன்னாங்க. வெந்நீல ஒரு ஸ்பூனு. ஒரே மாசத்துல பத்துக் கிலோவாம். எங்க மதினி குடிச்சு இடுப்பு எம்புட்டாயிருச்சு தெரியுமா!"

வாங்கிவந்துவிட்டேன். வெந்நீரும் வைத்துவிட்டேன். அவர் எழுந்து வந்து டம்ளரை மோந்து பார்த்தார்.

"என்னதிது?"

"பொடி. மூலிகைதான்."

"நான் தின்னதும் வலிக்குத்தான். வலி போச்சு. வேற என்ன போச்சுன்னு உனக்குத் தெரியும்ல?" டம்ளரைத் தொட்டியில் கவிழ்த்தார். "மெதுவாவே வா புள்ள. நான் எங்கயும் ஓடிறல."

மெதுவாகவே வந்தேன். பாவாடை நாடாவை இழுத்து இழுத்துக் கட்டினேன், ரவிக்கையைப் பிரித்துத் தைத்தேன். ஐந்தாவது மாதம் முடிகிற நேரத்தில் பேட்டைத் தராசு எழுபத்திரண்டு காட்டியது. கடையில் எல்லாருக்கும் என் காசில் டீ வாங்கிக் கொடுத்தேன். மறுநாளே இரண்டு பேரும் மதுரைக்கு பஸ் ஏறினோம்.

ஆஸ்பத்திரித் தராசு எழுபத்தைந்து என்றது.

"இல்லம்மா, நேத்து எழுபத்திரண்டு இருந்துச்சே," என்றேன். சொன்ன உடனே என் குரல் எனக்கே எங்கேயோ கேட்ட குரலாக இருந்தது.

பேட்டைக்கு வெங்காயம் கொண்டுவரும் சம்சாரிகள் அப்படித்தான் கேட்பார்கள். "வீட்ல போட்டப்ப அம்பது இருந்துச்சேண்ணே, இங்க நாப்பத்தெட்டுங்குது?" எங்கள் கடைத் தராசு ஐம்பது கிலோ மூட்டைக்கு இரண்டு கிலோவைத் தின்றுவிடும். அப்படி வைத்திருந்தார்கள். இறக்குகிறவர், பொறுக்குகிறவர், எடை போடுகிறவர், எல்லாருக்கும் தெரியும். எனக்கு இருபது வருசமாகத் தெரியும். "வர்ற வழியில காஞ்சிருக்கும்ணே," என்று நானே தலை நிமிராமல் சம்சாரிகளிடம் சொல்லியிருக்கிறேன். அந்தத் தராசில்தான் ஏறி நின்று மாதக்கணக்கில் சந்தோசப்பட்டிருக்கிறேன். எதையும் இரண்டு தடவை சந்தேகப்படுகிறவள் நான். நல்ல சேதி வந்தபோது ஒரு தடவைகூடச் சந்தேகப்படவில்லை.

"ஒம்பது கிலோ கொறைச்சிருக்கீங்க, பெரிய விசயம்மா," என்றார் டாக்டரம்மா. "இன்னும் மூணு. அவசரப்படாதீங்க. ரெண்டு மாசம் கழிச்சு வாங்க."

திரும்பும்போது பஸ் கொடைரோட்டைத் தாண்டியது. பிறகுதான் உறைத்தது. இவரும் அந்தத் தராசில் எத்தனையோ லோடு இறக்கியவர்.

"உங்களுக்குத் தெரியும்ல?"

"எது?" என்றார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு.

"அன்னைக்கு எங்க போட்டன்னு கேட்டீங்களே. தெரிஞ்சுதான கேட்டீங்க?"

"ஓடியாந்து சொன்ன. அம்புட்டுச் சந்தோசமா வந்து நின்ன. பெறகு எப்பிடிச் சொல்றது?"

"அஞ்சு மாசமாவா?"

"உன்னைய அறுக்குறது எனக்குப் பிடிக்கல. தள்ளிப் போனாப் போகட்டும்னு இருந்துட்டேன். போதுமா?"

போதவில்லை. பஸ் என்றும் பார்க்காமல் வைதேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. தட்டை மட்டும் வைத்தேன். மூன்றாம் நாள் அவருக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது என்றார்கள். அவசரமாக டயாலிசிஸ் செய்தார்கள். அதற்குப் பிறகு வாரம் மூன்று தடவை.

அந்த இரண்டு மாதமும் நான் ஒரு வாய் கூடுதலாகவும் தின்னவில்லை, ஒரு வாய் குறைத்தும் தின்னவில்லை. அந்த வாத்தியாரம்மா நின்ற தராசில்தான் ஏறினேன். பயம் போகவில்லை, பயந்துகொண்டே ஏறினேன். எழுபத்தொன்று புள்ளி எட்டு காட்டியது. நர்ஸம்மாவை வந்து பார்க்கச் சொன்னேன், அவளும் பார்த்தாள்.

மதுரையில் என்னை நிறுத்தி எடை பார்த்தார்கள். சரியாக இருந்தது. பிறகு அவரை நெஞ்சு ஸ்கேனுக்குக் கூட்டிப்போனார்கள். டாக்டரம்மா என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். இதயம் ரொம்பத் தளர்ந்துவிட்டது, மயக்கம் கொடுத்தால் எழுந்திருக்க மாட்டார், இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம் என்றார்.

"ரெண்டு மாசத்துக்கு முந்தி வந்தப்பவே நான் எழுபத்திரண்டு இருந்திருந்தா?"

அவர் காகிதங்களை அடுக்கினார். "அன்னைக்கும் ஸ்கேன் பாத்துட்டுத்தாம்மா சொல்லியிருப்போம்."

உண்மையாகவே சொன்னாரா, எனக்காகச் சொன்னாரா தெரியவில்லை. திரும்பக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

வெளியே பெஞ்சில் இருந்தவர் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "அப்ப இனிமே நீ வயிறாரச் சாப்பிடலாம்," என்றார். சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை.

ஐப்பசி அடைமழையில் போய்விட்டார். டயாலிசிசுக்குக் கிளம்பிச் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது கட்டிலில் சாய்ந்தவர்தான்.

பதினாறாம் நாள் விருந்தில் எரியோட்டுக்காரிதான் பரிமாறினாள். "இன்னும் எதுக்குக்கா இந்தக் கோழித் தீனி? அள்ளிச் சாப்டு," என்று சோற்றைக் குமித்தாள். சாப்பிடப் பார்த்தேன். ஏழு மாதத்தில் வயிறு பழகிவிட்டிருந்தது, கால்வாசிக்கு மேல் இறங்கவில்லை. மிச்சத்தை இலையோடு மடக்கினேன். அன்றைக்கு என் உடம்பின் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தை யாரிடம் சொல்வது? தேவைப்பட்ட நேரத்தில் அடம்பிடித்தது. தேவையில்லாதபோது சொன்ன பேச்சைக் கேட்கிறது.

எடை திரும்ப ஏறவில்லை. முழங்கால் வலி இல்லை, படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. எப்படிக் குறைத்தாய் என்று பேட்டையில் பெண்கள் கேட்கிறார்கள். ஜீனியை விடு, நட, அவசரப்படாதே என்று சொல்கிறேன். கேட்கிறவர்கள் முகத்தைப் பார்த்தால் வேறு ஏதோ ரகசியத்தை நான் ஒளித்து வைத்திருப்பதாக நினைப்பது தெரிகிறது.

போன மாதம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்துச் சிறுநீரகப் பரிசோதனை செய்துபார்த்தேன். சாயங்காலம் போனேன். மேசையில் இருந்த பெண் காகிதத்தை நீட்டினாள்.

"எல்லாம் நார்மலும்மா. ரெண்டும் நல்லா வேலை செய்யுது. டாக்டர் சீட்டே இல்லயே, எதுக்கு எடுத்தீங்க?"

"சும்மாதாம்மா," என்றேன்.