விதையைக் கொடுத்து வாங்கிய வாய்தா

செங்கம் ரோடு டாக்சி ஸ்டாண்டில் காரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மகள் போன் செய்தாள். "அப்பா, மாமா போயிட்டாருப்பா" என்றாள். "சரிம்மா, டீசல் போட்டுக்கினு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டேன். தன் மாமனாரைப் பற்றி அவளிடமிருந்து போன் வந்தால் சென்னைக்கு வண்டி எடுக்க வேண்டும் என்றுதான் இத்தனை வருடமும் அர்த்தம். பங்கில் நின்று டீசல் போடும்போதுதான் அவள் சொன்னது மண்டையில் ஏறியது. இந்தத் தடவை அவரை எங்கேயும் கூட்டிப்போக வேண்டியதில்லை.

கீழ்பென்னாத்தூர் ஏகாம்பரத்தை உங்களில் பலருக்குத் தெரியும். அவருடைய நிலக்கடலை விதைக் கடையில் விதை மல்லாட்டையும் கூடவே கொஞ்சம் கிண்டலும் வாங்கிப் போனவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். எனக்கு அவர் சம்பந்தி; என் மகள் அவர் வீட்டு மருமகள். எட்டாம் வகுப்பில் ஆங்கிலத்தோடு சண்டை போட்டுத் தோற்று ஸ்டியரிங்கைப் பிடித்தவன் நான். அவர் என்னை ஒருநாளும் டிரைவர் என்று நினைத்ததில்லை. காரில் பின்சீட்டில் உட்காரவே மாட்டார். அது சம்பந்தியம்மாளின் இடம்.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு இடுப்பு வலி வந்தது. மூட்டை தூக்கியதால் என்றார். அதற்கு முன்பே ஒன்றுக்குப் போவதில் தொந்தரவு இருந்திருக்கிறது. வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவில்லை. சென்னையில் பார்த்த டாக்டர், புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய், எலும்பு வரைக்கும் போய்விட்டது என்றார். முழுதாகக் குணமாக்க முடியாது, ஆனால் அடக்கி வைக்கலாம் என்றார்.

"ஆம்பளை ஹார்மோன்தான் இந்தக் கட்டிக்குத் தீனி. அதை நிறுத்தணும். மாசா மாசம் ஊசி போடலாம், விலை ஜாஸ்தி. இல்லேன்னா ஒரே தடவையா விதையை எடுத்துடலாம்."

சம்பந்தியம்மாள் வள்ளியம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "எல்லாத்தையும் எடுத்துட்டா ஆடிப் பட்டத்துக்கு என்னங்க பண்றது?" என்றார்.

வைத்தியச் செலவுக்கு விதை மல்லாட்டையை விற்கச் சொல்கிறார் டாக்டர் என்றுதான் நானும் நினைத்தேன். உதவி செய்யும் புத்தி எனக்கு எப்போதும் கொஞ்சம் முந்திக்கொள்ளும். "நீங்க கவலைப்படாதீங்க டாக்டர். தரமான விதை. நானே ஆள் பார்த்து நல்ல விலைக்குத் தள்ளிவிடறேன்" என்றேன்.

டாக்டரின் பேனா நின்றுவிட்டது. விஷயம் புரிந்தவர் ஏகாம்பரம் ஒருவர்தான். அவர் தலையைக் குனிந்துகொண்டார். டாக்டர் இன்னொரு தடவை, எந்த விதை என்று படம் போட்டு விளக்கினார். எனக்கு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

திரும்பி வரும் வழியில் திண்டிவனம் தாண்டினோம். ஏகாம்பரம் திடீரென்று கேட்டார்: "ஏன் சம்பந்தி, யாருக்குங்க தள்ளிவிடறதா இருந்தீங்க?"

வண்டியை ஓரம் கட்டிவிட்டுச் சிரித்தோம். சிரிப்பு அடங்கிய பிறகு வெளியே பார்த்துக்கொண்டே, "எடுத்துட்டா நான் ஆம்பளையா இருப்பேனா?" என்றார். பதில் பின்சீட்டிலிருந்து வந்தது. "இத்தினி வருஷம் ஆம்பளையா இருந்து என்னா பண்ணிட்டீங்க, ஒரு டம்ளர் கழுவியிருக்கீங்களா? உசுரோட இருங்க. அது போதும் எனக்கு."

ஆபரேஷன் நடந்தது. ஊரில் குடல் இறக்கம் என்று சொல்லச் சொன்னார். நானும் சொன்னேன், கேட்டவர்களுக்குக் குடல் எந்தப் பக்கம் இறங்கியது என்றுகூட விளக்கினேன். சில வாரங்களிலேயே கட்டிலைப் பிடிக்காமல் எழுந்து நின்றார். வலி அப்படி இறங்கும் என்று நாங்கள் யாரும் நம்பியிருக்கவில்லை. ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்று ஓர் அளவு பார்ப்பார்கள். அது ஏறினால் நோய் ஏறுகிறது. பிள்ளைகளின் மார்க் பார்த்தே பழகிய நான், எண் மளமளவென்று இறங்கியிருந்ததைப் பார்த்துவிட்டு, "விடுங்க, அடுத்த தடவை ஜாஸ்தி வாங்கிடலாம்" என்று அவரைத் தேற்றினேன்.

ஹார்மோன் நின்றதில் வேறு தொல்லையும் வந்தது. மார்கழிக் குளிரில் நாங்கள் போர்த்திக்கொண்டிருக்க, அவர் சட்டையைக் கழற்றிவிட்டு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருப்பார். உடம்புக்குள் குபீரென்று அடுப்பு பற்றிக்கொள்கிற மாதிரி இருக்கிறது என்றார். சம்பந்தியம்மாள் விசிறிக்கொண்டே, "எனக்குத் தீட்டு நின்னப்போ இப்படித்தான் இருந்துச்சு. ஃபேனை ஏன்டி போடறன்னு திட்டுவீங்களே, ஞாபகம் இருக்குதா?" என்றார். அப்புறம் அந்த வீட்டில் டம்ளர் கழுவுகிற சத்தம் கேட்டால் சமையலறையில் யார் நிற்கிறார் என்று சொல்ல முடியாமல் போனது.

சில வருடங்கள் நிம்மதியாக ஓடின. பிறகு அந்த எண் மறுபடி ஏறியது. டாக்டர் ஒரு மாத்திரை கொடுத்தார். அது கொஞ்ச காலம் கேட்டது. எலும்பு நொறுங்காமல் இருக்க மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். அதற்கும் பிறகு, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றுகிற புது மருந்து வந்திருக்கிறது என்றார். முடி கொட்டும், உடம்பு தளரும், வலி குறையும், கொஞ்ச நாள் கூடக் கிடைக்கலாம்.

"அப்போ சாவைத் தள்ளிப்போடறதுக்குத்தான் இது?" என்று ஏகாம்பரம் கேட்டார்.

டாக்டர் பொய் சொல்லவில்லை. "ஆமாங்க" என்றார்.

"தள்ளிப்போடுங்க. வரப்பு கேஸ்ல இருபது வருஷமா வாய்தா வாங்கறவன் நான். நமக்கு அது பழகிப்போச்சு."

அதற்குப் பிறகு எந்த மருந்துக்குப் புறப்பட்டாலும், "வண்டியை எடுங்க, வாய்தாவுக்கு நேரமாச்சு" என்பார்.

போன தை மாதம் அடி அண்ணாமலைக்குப் போகச் சொன்னார். அவரிடம் விதை வாங்குகிற குப்புசாமி என்பவருக்கு அதே நோய், அதே நிலை. விதையை எடுக்கச் சம்மதிக்காமல் வீட்டில் படுத்திருந்தார். "மானம் போனப்புறம் உசுரு எதுக்குன்னு கேக்கறாராம்" என்று மட்டும் காரில் சொன்னார். நாங்கள் போனபோது அங்கே சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார் என்று வாசல் முழுக்க ஆட்கள். தனியாகக் கூட்டிப்போய் மெதுவாகச் சொல்வார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தவர் தலைப்பாகையைக் கழற்றி, மொட்டையாகிப்போன தலையைத் தடவிக்கொண்டு வாசலுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்:

"எனக்கு விதையை எடுத்துட்டாங்கய்யா. குடல் இறக்கம்னு இவரு ஊரெல்லாம் பொய் சொல்லிக்கினு திரிஞ்சாரு. எடுக்கலைன்னா அன்னைக்கே போயிருப்பேன். எடுத்ததால பேத்தி பொறந்து, பள்ளிக்கூடம் போறதையும் பார்த்தேன். இதுல எங்கய்யா போச்சு மானம்?"

யாரும் சிரிக்கவில்லை. குப்புசாமியின் மனைவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். குப்புசாமி, "வலிக்குமா?" என்று கேட்டார். அதுதான் சம்மதம். அவர் இப்போது நடமாடுகிறார். ஏகாம்பரத்தை எடுத்துப்போன அன்று பாடைக்குத் தோள் கொடுத்தார்.

இதை எழுத உட்கார்ந்தபோது, நோயின் பெயரை விட்டுவிடலாமா, சில காலம் உடல்நலமில்லாமல் இருந்தார் என்று போடலாமா என்று சம்பந்தியம்மாளிடம் கேட்டேன். "அவரே சொல்லிட்டாரு. நீங்க எதுக்குண்ணா மறைக்கறீங்க? இருக்கறதை எழுதுங்க" என்றார்.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்த வாசலில் பேசிய குரல். எனக்கும் வயதாகிறது, சில மாதங்களாக ஒரு தொந்தரவு. போன வாரம் டாக்டரிடம் போனேன். என்ன செய்கிறது என்று கேட்டார். கதவு திறந்திருந்தது, வெளியே பெஞ்சு நிறைய ஆட்கள். எழுந்துபோய்க் கதவைச் சாத்தலாம் என்று பாதி எழுந்தவன், மறுபடி உட்கார்ந்து உரக்கவே சொன்னேன்: "ஒண்ணுக்குச் சரியா போவலீங்க."