எனக்கும் சேர்த்துக் கூவியவர்

அன்று விடியற்காலையில் ஜீப்பு ஹாரன் அடிக்கவில்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

ராசிங்காபுரத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் ஜீப்பு அது. சிலமலை விலக்கில் நிற்கும் எனக்காக, முன்சீட்டில் இருக்கும் என் அத்தை டிரைவரின் கையைத் தள்ளிவிட்டு ஹாரனை அமுக்குவார். அன்று வண்டி சத்தமில்லாமல் வந்து நின்றது. உள்ளே வேறு யாரும் இல்லை. டிரைவர் அண்ணன் இறங்கி என் அருகே வந்தார்.

"பாப்பா, ஒங்க அத்தை தூக்கத்துலயே போய்ட்டாங்க. வீட்டுல சொல்லிட்டு வெரசா வா, கூட்டிட்டுப் போறேன்."

அத்தையின் பெயர் முத்துப்பேச்சி. என் அப்பாவின் அக்கா. பத்தாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியபோது, வீட்டில் முடங்கிக் கிடக்க விடாமல் தோட்டத்துக்குக் கூட்டிப்போனவர் அவர்தான்.

ஏலச்செடிகள் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். பனி இறங்கினால் பக்கத்தில் இருப்பவரே தெரியமாட்டார். அதனால் சாயங்காலம் கிளம்பும் முன் ஒவ்வொருவரும் இருக்கும் இடத்திலிருந்து 'கூ' என்று கூவ வேண்டும். எல்லாருடைய குரலும் கேட்ட பிறகே ஜீப்பு புறப்படும். எனக்கோ நாலு பேர் முன்னால் வாயே திறக்காது. அத்தை கடைசியாக இரண்டு முறை கூவுவார், எனக்கும் சேர்த்து.

"ஒங்க மருமகளுக்கு வாயில்லையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அவ வாயும் என்கிட்டதான் இருக்கு. ஒனக்கு வேணுமா?" என்றார் அத்தை. ஜீப்பே சிரித்தது.

தோட்டத்துக்கு மேலே ஓர் அருவி உண்டு. "வருசக்கணக்கா சத்தத்த மட்டும் கேக்குறேன், மூஞ்சியப் பாக்கலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்த அத்தை, போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் எல்லாரையும் கிளப்பிவிட்டார். அப்பா, அம்மா, அத்தை, நான். புளிச்சோறும், அட்டைக்கடிக்கு உப்பு முடிச்சும் எடுத்துக்கொண்டு மலையேறினோம்.

அருவியைப் பார்த்ததும் அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராகத் தண்ணீருக்குள் போய் நின்றார். "தம்பி, இவ்வளவு அழகா இருந்துக்கிட்டுதான் இது என்னைய நெதம் கூப்பிட்டுச்சா!" என்று கத்தினார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

இறங்கும்போது பனி மூடியது. குதிகாலில் கடித்த அட்டையை எடுக்க நான் பின்தங்கினேன். கீழே அப்பா கூவினார். அம்மா கூவினார். அத்தை பழக்கத்தில் இரண்டு முறை கூவினார். நான் அத்தையோடு வருவதாக அப்பா நினைத்துக்கொண்டார். நான் அம்மாவோடு முன்னே போய்விட்டதாக அத்தை நினைத்துக்கொண்டார். பேச்சுச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. இரண்டாகப் பிரிந்த பாதையில் எது கீழே போகிறதென்று எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கூவினேன்.

கீழே பேச்சு நின்றது. முதலில் ஓடிவந்தவர் அத்தைதான்.

"ரெண்டு கூ கேட்டுச்சேக்கா, அதான் இவ ஒங்கூட இருக்கான்னு நெனச்சேன்" என்றார் அப்பா.

"எல்லாம் ஒங்களாலதான் மதினி! செல்லங்குடுத்து ஊமையாக்கி வச்சிருக்கீங்க" என்றார் அம்மா.

அத்தை அதைக் காதில் வாங்கவில்லை. என் முகத்தைத் துடைத்துவிட்டு, "இம்புட்டுக் கொரல எங்கடி ஒளிச்சு வச்சிருந்த?" என்று சிரித்தார். "இனிமே ஒனக்கு நான் கூவமாட்டேன் ஆத்தா. ஒன்னோடத நீயே கூவு."

அதன்பிறகு என் கூவலை நானே கூவினேன். கடைசிக் கூவல் மட்டும் எப்போதும் அத்தையுடையது.

காரியம் முடிந்து மறுபடி வேலைக்குப் போனேன். சாயங்காலம் பனி இறங்கியது. பெண்கள் ஒவ்வொருவராகக் கூவினார்கள். நானும் கூவினேன். பிறகு யாரும் நகரவில்லை. டிரைவர் அண்ணனும் வண்டியைக் கிளப்பவில்லை. மேலே அருவி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் இன்னொரு முறை கூவினேன்.