ராகு காலத்தில் மாட்டிக்கொண்ட புதிய பதிப்பு

நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு பஞ்சாங்கச் செயலியை நடத்துகிறோம். நான் திண்டிவனம், அவன் விழுப்புரம். திறந்த மூல மென்பொருள்: நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், குறையும் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். இதுவரை நிரலை எடுத்தவர்கள்தான் குறைவு.

அப்படி வந்த குறை ஒன்று எங்கள் மானத்தை வாங்கியது. சூரியன் தினமும் சரியாக ஆறு மணிக்கு உதிப்பதாகவே எங்கள் செயலி நம்பிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் ஆறரை தாண்டித்தான் உதிக்கிறது. ராகு காலமும் அதற்கேற்பத் தள்ளிப்போக வேண்டும். பெயர் சொல்லாத யாரோ கணக்கு போட்டு எழுதியிருந்தார்கள். ஒரே வாரத்தில் திருத்திவிட்டேன். வெளியிடும் பொத்தான் மட்டும் நண்பன் கையில்.

அவன் அமுக்கவில்லை. சோதனை போதாது என்றான். எழுத்துரு சரியில்லை என்றான். பொங்கல் முடியட்டும் என்றான். மாட்டுக்கும் செயலிக்கும் என்ன சம்பந்தம்? எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ் ஏறி விழுப்புரம் போனேன்.

"சும்மா பேஜாரு பண்ணிக்கினு இருக்காத. எப்பதான்டா விடப்போற?"

"என் கல்யாணம் முடியட்டும்டா."

தை கடைசியில், ஒரு திங்கட்கிழமை, மயிலம் மலைக்கோயிலில் அவனுக்குக் கல்யாணம். முகூர்த்தம் காலை ஒன்பதேகால் முதல் பத்தேகால் வரை. பெண்ணின் அப்பா எங்கள் செயலியைப் பார்த்தே குறித்த நேரம். புதிய பதிப்பில் போட்டுப் பார்த்தேன். பழைய கணக்கில் ஒன்பதுக்கே முடிந்த அன்றைய ராகு காலம் ஒன்பது இருபத்தெட்டு வரை நீண்டது.

"மாமனாரு எழுந்ததும் நம்ம ஆப்பைத்தான்டா தொறக்குறாரு. இது தெரிஞ்சா தேதியவே மாத்திடுவாரு. பத்திரிகை வேற அடிச்சாச்சு."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவன் போனைப் பிடுங்கிப் பெண்ணை அழைத்து, ஸ்பீக்கரில் போட்டேன். அவள் கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். அவன் என்னை முறைத்துக்கொண்டே, திக்கித் திணறி, எல்லாவற்றையும் சொன்னான்.

"அந்தக் குறைய எழுதுனதே நாந்தாங்க," என்றாள். "தாலிய ஒம்போதரைக்குக் கட்டுனா முடிஞ்சுபோச்சு. முகூர்த்தத்துக்குள்ளதான வருது? அப்பாகிட்ட அன்னிக்கே சொல்லிட்டேன். நீங்க எப்ப சொல்லுவீங்கன்னுதான் ஒரு மாசமா பாத்துக்கினு இருக்கேன்."

"இப்ப சொல்லிட்டேன்ல?"

"உங்க ஃபிரண்டு போன் போட்டதால சொன்னீங்க."

வைத்துவிட்டாள். நண்பன் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. கணினியைத் திறந்து பொத்தானை அமுக்கினான். பிறகு, யாரும் சொல்லாமலே, போனை எடுத்து மாமனார் எண்ணைத் தேடினான். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அவனுக்கும் தெரியும். இருந்தும் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, எழுந்து நின்றுதான் அழைத்தான். அதற்குமேல் அவனைக் கிண்டல் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஸ்பீக்கரை மட்டும் அணைக்க விடவில்லை.