வாசித்துக் காட்டாமல் கையெழுத்து இல்லை

இன்று காலை காணி அலுவலக வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஓர் அம்மா நகரவே இல்லை.

"கையெழுத்தை வையுங்கோ அம்மா, பின்னாலை ஆக்கள் நிக்கினம்," என்றார் அலுவலர்.

"முதல்லை வாசிச்சுக் காட்டுங்கோ தம்பி. பிறகு வைக்கிறன்."

நான் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்த்தேன்.

"ஞாயிற்றுக்கிழமையிலை மோட்டச் சைக்கிளிலை எங்கடை ஊர் ஜெயபுரத்துக்கு வாற லோயர் ஐயா சொன்னவர். வாசிச்சுக் காட்டாத கடுதாசியிலை கையெழுத்து வைக்கக்கூடாதாம். பாவம், போன வருசம் காலமாயிட்டார்."

அந்த லோயர் என் அப்பா.

எங்கள் பள்ளிக்கூடத் தேர்ச்சி அறிக்கையில்கூட, நாங்கள் சத்தமாக வாசித்த பிறகுதான் கையெழுத்து வைப்பார். கணிதம் வரும்போது என் குரல் இறங்கிவிடும்.

"அதை இன்னொருக்கால் வாசியுங்கோ பிள்ளை," என்பார் அப்பா.

கடைசியில் அலுவலர் கடுதாசியை வாசித்தார். அரை ஏக்கர் என்று வந்ததும் அந்த அம்மா மறித்தார்.

"எங்கடை காணி ஒரு ஏக்கர் தம்பி."

அவர் நீட்டிய பழைய காணி அனுமதிப்பத்திரத்தைப் பார்த்துவிட்டு அலுவலர் திருத்தினார்.

எனக்குப் பின்னால் நின்றவர் சொன்னார்: "நானும் வாசிச்சுக் காட்டச் சொல்லப் போறன்."

வீடு வர மத்தியானம் ஆகிவிட்டது.

வன்னியில் உங்களையும் யாராவது இப்படி வரிசையில் காக்க வைத்தால் கோபிக்காதீர்கள். அது அப்பாவின் வேலையாக இருக்கும். எந்த ஊர் என்று மட்டும் எனக்கு எழுதிவிடுங்கள்.