வெள்ளை நூல் கட்டிய கோப்பு

என் மேசை இழுப்பறையில் ஒரு முழ நீள வெள்ளை நூல் கிடக்கிறது. நைந்துபோய், ஓரிடத்தில் நீலச் சாயம் ஏறிய நூல். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் பாதி என்மேல்தான்.

குமாரபாளையம் பக்கம் படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் கம்ப்யூட்டர் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தேன். ஆவண அறை ஓர் அக்காவின் பொறுப்பு. எல்லோருக்கும் அவர் ஃபைல் அக்கா. தறிக்கூடத்தில் மிச்சமாகும் நூலை வாங்கிவந்து கோப்புகளைக் கட்டுவார். சிவப்பு நூல் என்றால் முதலாளி மட்டும் பிரிக்கலாம். மஞ்சள் என்றால் அலுவலகத்தார். வெள்ளை என்றால் வாட்ச்மேன்கூட எடுத்துப் படிக்கலாம். சாயப்பட்டறைச் சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தது வெள்ளை நூல் கோப்பு. எந்த ரசாயனம் மேலே பட்டால் என்ன செய்வது, எதை எதோடு கலக்கக் கூடாது என்று சொல்லும் தாள்கள் அதில் இருந்தன.

கம்ப்யூட்டரில் இருக்கும் ஆவணங்களுக்கு ‘இரகசியம்’, ‘அலுவலகத்துக்கு மட்டும்’ என்று முத்திரையிடத் தனியாக ஒரு மென்பொருள் வைத்திருந்தோம். அதை எடுத்துவிட்டு, ஆவணம் தயாரிக்கும் மென்பொருளுக்குள்ளேயே இருக்கும் முத்திரை வசதிக்கு மாறுவதென்று முடிவானது. திட்டம் போட்டவன் நான். பழைய முத்திரைக்குப் புதிய முத்திரை எதுவென்று அட்டவணை போட்டேன். முத்திரையே இல்லாத ஆவணம் தானாக ‘இரகசியம்’ ஆகிப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்றார் மேலாளர். அப்படியே எழுதினேன். எல்லாத் தாள்களும்தான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டனவே, காகிதக் கோப்புகளை மாறும் அன்றைக்கே கழித்துவிட வேண்டும் என்றார். அதையும் எழுதினேன்.

கூட்டத்தில் அக்கா மட்டும்தான் கேட்டார்: “ஏனுங்க சார், பேரில்லாததெல்லாம் பூட்டிக்கும்னு சொல்றீங்க. வெள்ளை நூலுக்கும் ஒரு பேரு வெச்சுப் போடுங்க. எல்லாருக்கும் பொதுங்கறதால அதுக்கு யாருமே முத்திரை குத்துலீங்களே!”

“இது நூல் கட்டுற வேலை இல்லக்கா. போய் டீ சொல்லுங்க” என்றார் மேலாளர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மாறிய மூன்றாம் நாள் காலையில் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் கண்களில் காஸ்டிக் சோடாக் கரைசல் தெறித்துவிட்டது. மேஸ்திரி கம்ப்யூட்டரில் அந்த ரசாயனத் தாளைத் திறந்து பார்க்கப் போனார். உங்களுக்கு அனுமதி இல்லை என்றது திரை. மறுபடி அழுத்தினார், மறுபடியும் அதையேதான் சொன்னது. துணியில் ஏறிய காஸ்டிக்கை முறிக்க அசிட்டிக் ஆசிட் விடுவது பட்டறை வழக்கம். கண்ணுக்கும் அதுதான் மருந்து என்று நினைத்து ஒருவர் கேனைத் தூக்கிவிட்டார். அந்த நேரத்தில் அக்கா ஓடிவந்தார். கழிக்கச் சொன்ன கோப்பைக் கழிக்காமல் தன் அலமாரியில் வைத்திருந்திருக்கிறார்.

“ஆசிட்டக் கீழ வையுங்க சாமி! தண்ணி மட்டும் ஊத்துங்க, நிறுத்தாம ஊத்துங்க!”

ஒரு கண் தப்பியது. இன்னொன்றில் பார்வை போனது போனதுதான்.

இதற்கு நிறுவனம் அக்காவுக்குச் செய்த மரியாதையைக் கேளுங்கள். இரகசிய ஆவணத்தின் நகலை அனுமதியில்லாமல் வைத்திருந்தது ஏன் என்று விளக்கம் கேட்டு ஒரு மெமோ! அந்த மெமோவுக்கும் முத்திரை குத்தியிருந்ததால் அவரால் அதைத் திறக்கவே முடியவில்லை. “என்னமோ வந்திருக்குது, தொறக்க மாட்டீங்குது, பாருங்க சாமி” என்று என்னிடம்தான் வந்தார். நான் திறந்து படித்துக் காட்டினேன். அந்த நகல் இரகசிய ஆவணம்தான் என்று உறுதி செய்தவர் இடத்தில் என் பெயர் இருந்தது. மேலாளர் கேட்டார், ஒப்புதல் கொடுத்திருந்தேன். வேலை போய்விடுமோ என்ற பயம், வேறொன்றுமில்லை.

அக்கா திட்டவில்லை. கோப்பிலிருந்து நூலைப் பிரித்து என் மேசைமேல் வைத்தார். “இது உங்களுக்குத்தான் வேணுங்க” என்றார். அடுத்த வாரமே வேலையை விட்டுவிட்டார். வெட்கமில்லாமல் நான் இன்னும் ஒரு வருடம் அங்கேயே இருந்தேன்.

இப்போது சேலத்தில் வேறொரு நிறுவனம். இங்கேயும் அதே மாற்றத்துக்குத் திட்டம் போடுகிறோம். நேற்று அட்டவணையைத் திறந்து, முதல் வரியில் ‘எல்லோருக்கும்’ என்ற முத்திரையைச் சேர்த்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். கெட்டது என் கண்ணாக இருந்தாலாவது பரவாயில்லை.

அந்த ஒரு வரியை எழுத அரை நிமிடம்கூட ஆகவில்லை. நூலை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இழுப்பறையில் வைத்தேன். அன்றைக்கும் அந்த அரை நிமிடம் என்னிடம் இருந்தது. சிரித்துக் கழித்தேன்.