டாக்டரிடம் போகும்போது போடுகிற சட்டை

நான் ஒரு மடையன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியை நிம்மதியாக எழுதலாம். சாதாரண ஜனங்கள் ஒரு டாக்டரைப் பார்ப்பதற்குள் என்ன பாடு படுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்து சம்பளம் வாங்குகிறவன் நான். வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகம் இதற்காக எனக்கு ஒரு நாற்காலியும் ஜன்னலோரம் நிறைய மழையும் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட எனக்குச் சில மாதங்களாகத் தூக்கமில்லை. தெருமுனையில் இருக்கும் டாக்டரைப் பார்க்கவும் வழி தெரியவில்லை.

இங்கே காலை எட்டு மணிக்கு ஊரே ஒரே நேரத்தில் போனை எடுக்கும். போன் வரிசையில் காத்திருந்து, அதில் போட்டுவிடும் பியானோ இசையைக் கேட்க வேண்டும். பியானோ மனப்பாடமாகும் சமயத்தில் ரிசப்ஷனிஸ்ட் வந்து, "அவசரமா?" என்பார். நான் மலையூரான அருவங்காட்டுக்காரன், வெடிமருந்து ஃபாக்டரி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவன். அவசரமா என்று யார் கேட்டாலும், "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க, உங்களுக்குத் தோதுப்படறப்போ பாருங்க" என்று சொல்லித்தான் பழக்கம். அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். "லவ்லி" என்றார் அந்தப் பெண், மனம் நிறைந்து. வெகுநாள் தள்ளி ஒரு தேதி கொடுத்தார். எங்கள் பக்கமாக இருந்தால், "அட, மூஞ்சியே செரியில்லீங்களே, உள்ள வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்திருப்பார்கள். அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், எங்கள் மலையிலேயே தேயிலைத் தோட்ட ஊரான சேரம்பாடிக்கு ஆராய்ச்சிக்காகப் போய் வரும்வரை.

இந்த வருஷம் மழைக்கு முன்னால் அங்கே எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில், மனக் கஷ்டம் என்று வந்தால் இவர்கள் எங்கே போகிறார்கள் என்று கேட்டுத் திரிந்தேன். அப்போது பழக்கமானவர் புஷ்பம் அக்கா. தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர். சின்னப் பெண்ணாக இலங்கைத் தோட்டத்திலிருந்து பெற்றோரோடு கப்பலேறி வந்தவர். அவர் கணவர் சுப்பையா அண்ணன் தேயிலை ஃபாக்டரி வேலைக்குப் போவதை நிறுத்திப் பல மாதமாகியிருந்தது. சோறு இறங்குவதில்லை, தூக்கமில்லை, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். ஒருநாள் தனியாக ஆற்றுப் பக்கம் போனவரை அக்கம்பக்கத்தார் கூட்டி வந்தார்கள்.

"அன்னைலேருந்து மலையில கொழுந்து பறிச்சாலும் கண்ணு லயத்து வீட்டுப் பக்கமேதான் சார் இருக்கு" என்றார் அக்கா.

கேள்வி கேட்பதற்கு மட்டும் அனுமதி பெற்றவன் நான். வைத்தியம் தெரியாது. தெரிந்தது கோமாளித்தனம் ஒன்றுதான். இங்கிலாந்தில் நான் சாம்பார் தாளித்த புகையில் தீயணைப்பு வண்டி வந்து நின்ற கதையை எடுத்துவிட்டேன். அண்ணன் சிரித்தார். அடுப்படியிலிருந்து ஓடிவந்த அக்கா, "இவரு சிரிச்சு எத்தனை மாசமாச்சு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அதற்கப்புறம் போகும்போதெல்லாம் ஒரு கதை சொன்னேன்.

மனநல டாக்டர் மாதத்தில் ஒருநாள் தாலுகா ஆஸ்பத்திரிக்கு வருவார். கெஞ்சிக் கூத்தாடி அண்ணனைச் சம்மதிக்க வைத்தார் அக்கா. மூலையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்க எனக்கும் அனுமதி கிடைத்தது, வாய் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததன் பேரில். அன்றைக்கு அண்ணன் வந்து நின்ற கோலத்தைப் பார்க்க வேண்டும். மழமழவென்று சவரம், படிய வாரிய தலை, நெற்றியில் திருநீறு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. "டாக்டரு முன்னாடி அலங்கோலமா போய் நிக்கலாமா சார், மரியாதையில்ல" என்றார். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் போலிருந்தார்.

"எப்படி இருக்கீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"நல்லா இருக்கேங்க ஐயா."

"தூக்கமெல்லாம்?"

"ஒரு கொறையுமில்லீங்க."

"இல்லீங்க டாக்டர், வீட்டுல இவரு..." என்று ஆரம்பித்தார் அக்கா. அண்ணன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அக்கா நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கையெழுத்தாவது ஒன்றாவது என்று நான் வாயைத் திறந்தேன். "டாக்டர், இவரு தூங்கறதே இல்லீங்க. ஒருநாள்..."

அண்ணன் சிரித்தார். நான் கதை சொல்லிச் சொல்லி வரவழைத்த அதே சிரிப்பு.

"சார் எப்பவும் இப்படித்தாங்க ஐயா. தமாசுப் பேர்வழி. சீமையில சாம்பாரு வச்சு தீயணைப்பு வண்டி வந்த கதையக் கேளுங்க."

டாக்டரும் சிரித்துவிட்டார். "தமாசு இல்லீங்க" என்றேன். அழுதாலும் அடுத்த நகைச்சுவைக்குத் தயாராவது போலத் தெரியும் முகத்தை ஆண்டவன் எனக்குக் கொடுத்திருக்கிறான். டாக்டரைக் குறை சொல்லி என்ன செய்ய? வராந்தா முழுக்கக் கூட்டம், பேசிப் பேசி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. எதிரில் புத்தம்புதிதாகச் சிரிக்கும் ஒரு மனிதர். எதற்கும் அடுத்த மாதம் வந்து பாருங்கள் என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வெளியே வந்தபின், மறுபடி உள்ளே போய் ஆற்றுச் சமாச்சாரத்தைச் சொல்லிவிடலாம் என்று திரும்பினேன். அடுத்தவர் உட்கார்ந்திருந்தார். அவரும் இஸ்திரி போட்ட சட்டையில். அவர் எழுந்து வருவதற்குள் கதவை மறித்து இன்னும் பத்துப் பேர். நர்ஸ் என்னைப் பார்த்து, "வரிசையில வாங்க சார்" என்றார். அதற்குள் கடைசி பஸ்ஸுக்கு முந்தைய பஸ் வந்துவிட்டது.

பஸ்ஸில் அண்ணன் மடிப்புக் கலையாமல் நிமிர்ந்து உட்கார்ந்து வந்தார். லைன் வீட்டுக்குள் நுழைந்து சட்டையைக் கழற்றியபோது முகத்தையும் சேர்த்துக் கழற்றி ஆணியில் மாட்டியது போலிருந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அக்கா என்னைத் திட்டவில்லை. "அடுத்த மாசம் அந்தச் சட்டைய ஒளிச்சு வச்சிர்றேன் சார்" என்றார். நான் சிரிக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். எனக்கு அந்த வாரமே விமானம்.

இங்கே என் முறை நேற்று வந்தது. காலையில் எழுந்து, யோசிக்காமலே, சவரம் செய்து சட்டைக்கு இஸ்திரி போட்டேன். டாக்டரம்மா, "எப்படி இருக்கிறீர்கள்?" என்றார். "ஃபைன், தேங்க் யூ" என்றது என் வாய். மழையைப் பற்றி இருவரும் நன்றாகப் பேசினோம். தூக்கமின்மையை அப்படியே பத்திரமாக வெளியே எடுத்து வந்தேன்.

சேரம்பாடிப் பக்கம் டாக்டர் வரும் நாளும் அதுவேதான். பஸ் நிறுத்தத்தில் நின்று புஷ்பம் அக்காவுக்குப் போன் போட்டேன். ஒரு காதில் இங்கிலாந்துத் தூறல், மறு காதில் அங்கே கொழுந்து நிறுக்கிற இடத்துக் கூச்சல், நடுவில் மடிப்புக் கலையாத சட்டையோடு நான்.

"அக்கா, டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனீங்களா? அண்ணன் எப்படிங்க இருக்காரு?"

அக்கா கூச்சலிலிருந்து தள்ளி வந்து, குரலைச் சரிசெய்துகொண்டார்.

"நல்லா இருக்காரு சார்."